‘கொங்கு’ என்னும் சொல்லின் நீளம் யாது?

ஒரு சொல்லின் நீளம் யாது என்று வினவினால், தமிழ் பயில்வார் உடனே விடை கூறார், “எதனை அளவாகக் கொண்டு கேட்கின்றீர்?” என்று எதிர்வினா விடுப்பர். ‘கொங்கு’ என்னும் நம் நாட்டுப் பெயரையே எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணுவார்க்கு அது கொ, ங், கு என மூன்றெழுத்து. மாத்திரை கணிப்பார்க்கு, குறிலாகிய ‘கொ’ ஒன்று, ஒற்றாகிய ‘ங்’ அரை, ஈற்றில் நின்ற குற்றியலுகரம் அரை, ஆக இரண்டு மாத்திரை. கட்டளைக் கலித்துறை பாடும் புலவர்க்கோ, ஒற்று நீக்கி எண்ணுதலே மரபாதலின், அஃது இரண்டெழுத்து. ஒரே சொல்லுக்கு இங்ஙனம் வெவ்வேறு அளவுகள் உள. அவற்றுள் ஒன்றும் பிழையன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் பயன்படுவது.

இனி, இச்சொல்லையே கணிப்பொறியினிடம் ஒப்படைத்து அதன் நீளத்தை வினவுவோமாயின், ஒரு நிரல் 6 என்னும்; மற்றொன்று 18 என்னும்; வேறொன்று 21 என்றும் கூறக்கூடும். இவையும் பிழையல்ல. ஆயினும், இவ்வளவுகளுள் எது எவ்விடத்துக்கு உரியது என்பதனை அறியாது நிரல் இயற்றுவார் கையில் தமிழ்ப் பெயர்கள் குறைபடுகின்றன. தேடிய பெயர் கிடையாமற் போகின்றது. ஓரோவழி இயந்திரமே பிறர் வயப்படுகின்றது. அளவு மாறும் பொருள்களை நினைவகத்தில் எங்ஙனம் வைத்துக் காப்பது என்பது கணிப்பொறி நூலாரின் பழைய வினாக்களுள் ஒன்று. அதனை எழுத்திலக்கணத்தின் துணைகொண்டு ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நினைவகத்தின் இயல்பு

கணிப்பொறியின் நினைவகத்தை ஒரு பெருஞ் சத்திரத்துக்கு ஒப்பிடலாம். நீண்டதொரு தாழ்வாரம், அதன் ஒருபுறத்தே ஒரே அளவினவாய அறைகள், ஒவ்வோர் அறைக்கும் வரிசையான இலக்கம். அவ்வறையே பைட்டு எனப்படுவது; அதன் இலக்கமே முகவரி. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டாதலின், ஓர் அறையுள் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் யாதேனும் ஒன்றே தங்கும். உள்ளே இருப்பது எழுத்தின் பகுதியா, கணக்கின் தொகையா, படத்தின் ஒரு துளியா என்பது அறைக்குத் தெரியாது. வைப்பவனுக்கும் எடுப்பவனுக்கும் இடையேயுள்ள உடன்பாட்டினாலேயே அவ்வெண் பொருள் பெறுகின்றது.

சில பொருள்கள் தம் அளவை முன்னரே அறிவித்து வருவன. ஒருவரது அகவை, மாதத்தின் தேதி, ஒரு நூற்பொதியின் எடை முதலியன அத்தகையன. நான்கு பைட்டுகள் இருப்பின் இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணையும் அடக்கலாம்; அகவைக்கும் எடைக்கும் அதற்குமேல் வேண்டுவதில்லை. வேறு சில பொருள்களோ முன்னறிவிப்பின்றி வருவன. ஒருவரது பெயர் எத்துணை நீளமாயிருக்கும்? ஒருவர் எழுதும் கடிதம் எத்தனை பக்கம் ஓடும்? ஈரோட்டு மஞ்சட் சந்தைக்கு நாளை எத்தனை மூட்டை வரும்? இவற்றை இன்றே அறுதியிட்டுச் சொல்ல யாராலும் இயலாது. இத்தகைய பொருள்களுக்கு இடம் ஒதுக்குவதெப்படி என்பதே நிரலாளர் முன் நிற்கும் சிக்கல்.

அளவு குறித்த அறை

இதற்குப் பழையோர் கண்ட எளிய வழியாவது, ‘இதற்குமேல் வாராது’ என ஓர் எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டு, அத்தனை அறைகளை முன்னரே ஒதுக்கிவிடுதல். பெயருக்கு 32 பைட்டு, ஊருக்கு 20 பைட்டு என்பன போன்ற ஒதுக்கீடுகள் இவ்வகையின. நம் நாட்டு நெசவாளர் பாவு ஓட்டும்போதே அதன் நீளத்தை வரையறுத்துவிடுதல் போன்றது இது.

இவ்வழிக்கு நன்மையும் உண்டு. பெயர்கள் யாவும் 32 பைட்டு அளவினவாக வரிசைப்பட்டிருப்பின், நூறாவது பெயரை நாடுவோன் முதற்பெயரிலிருந்து ஒவ்வொன்றாய்ப் புரட்ட வேண்டியதில்லை. தொண்ணூற்றொன்பதை 32-ஆற் பெருக்கி, தொடக்கத்திலிருந்து 3168 அறை தள்ளிச் சென்று கதவைத் திறந்தாற் போதும். விரைவு வேண்டுமிடத்து இதனினும் சிறந்த வழி அரிது.

தீமைகளோ மூன்று. முதலாவது வீண்செலவு: ஐந்து பைட்டே வேண்டும் பெயருக்கும் 32 அறைகள் பூட்டிக்கிடக்கும். இரண்டாவது குறைபாடு: எல்லைக்கு மேற்பட்ட பெயரின் கடைப்பகுதி வெட்டுண்டு போகும். மூன்றாவது பெருந்தீங்கு: வெட்டாது விட்டால், மிகுந்த பகுதி அடுத்த அறைகளுட் புகுந்து, ஆங்கிருந்ததனை அழித்துவிடும்.

இம்மூன்றாம் தீங்கு வெறுங் கற்பனையன்று. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் இயற்றிய ‘சி’ என்னும் நிரல்மொழியில், ஒரு சொல்லின் நீளம் எங்கும் குறித்துவைக்கப்படுவதில்லை. சொல்லின் ஈற்றில் சுழியம் என்னும் எண்ணை வைத்து, அது வருமளவும் படித்துச் செல்க என்பதே அம்மொழியின் உடன்பாடு. வெளியிலிருந்து வரும் சொல்லை வாங்கி வைக்கும் ‘கெட்ஸ்’ என்னும் அதன் பழைய பணிக்கூறு, ஒதுக்கிய இடம் எத்துணை என்பதைக் கேட்பதேயில்லை. 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னல் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த ராபர்ட் மோரிஸ் என்பார் விடுத்த ஒரு நிரல், இவ்வழியையும் வாயிலாகக் கொண்டு பல்லாயிரம் இயந்திரங்களுட் புகுந்தது. 512 பைட்டு ஒதுக்கியிருந்த இடத்தில் 536 பைட்டுகளை அது செலுத்திற்று. மிகுந்து வழிந்த பகுதி, ‘பணி முடிந்தபின் எங்கே திரும்புவது’ என்று இயந்திரம் குறித்துவைத்திருந்த முகவரியை மாற்றி எழுதிவிட்டது. இயந்திரம் தன் வழி விட்டு அயலான் வழி சென்றது. 2011-இல் திருத்தப்பெற்ற ‘சி’ மொழியின் தரநூலிலிருந்து ‘கெட்ஸ்’ நீக்கப்பட்டது. விருந்தினர் தொகையை அறியாமலே அறைகளைத் திறந்துவிடும் சத்திரக்காரன் எத்தகைய இடருக்கு ஆளாவான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வளரும் இடம்

நிற்க. எல்லையை முன்னரே வகுத்தலால் இத்தனை இடர் விளையுமாயின், வருவதன் அளவுக்கேற்ப இடத்தை வளரச் செய்யலாகாதோ எனின், ஆம், செய்யலாம். ‘சி’ மொழியில் ‘மாலோக்’ என்று கேட்டால், வேண்டிய அளவு தொடர்ச்சியான அறைகள் கிடைக்கும். ‘ரீயலோக்’ என்றால் அவ்விடம் பெரிதாக்கப்படும். ‘ஃப்ரீ’ என்றால் அறைகள் திரும்ப ஒப்படைக்கப்படும். இவ்வாறு வளரும் பொருளைக் காக்க மூன்று குறிப்புகள் வேண்டும்: அது தொடங்கும் முகவரி ஒன்று, இப்பொழுது நிரம்பியுள்ள நீளம் ஒன்று, ஒதுக்கப்பட்டுள்ள கொள்ளளவு ஒன்று. நீளமும் கொள்ளளவும் வேறு என்பதனை மறவாதிருத்தல் இன்றியமையாதது. பத்து அறைகளைக் கேட்டுப் பெற்றவர் ஆறில் மட்டும் தங்கியிருக்கலாம்.

கொள்ளளவு நிரம்பியபின் மேலும் ஒருவர் வந்தால் யாது செய்வது? பக்கத்து அறை காலியாயிருப்பின் நன்று. ஆங்கு வேறொரு கூட்டத்தார் தங்கியிருப்பின், நம் கூட்டம் முழுவதும் வேறோரிடத்துப் பெரிய வரிசைக்குக் குடிபெயர வேண்டும். ஒவ்வொருவர் வரும்போதும் ஓர் அறையே கூட்டிக்கொண்டு குடிபெயர்வதாயின், 1024 பேர் சேர்வதற்குள் மூட்டை தூக்கிய தடவைகள் 5,23,776 ஆகும். அதற்கு மாறாக, நிரம்பும்போதெல்லாம் இடத்தை இருமடங்காக்கினால், ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருகி, 1024-ஐ எட்டுவதற்குள் தூக்கியவை 1023 மட்டுமே. சிறிது இடம் காலியாய்க் கிடப்பினும், உழைப்பு ஐந்நூறில் ஒரு பங்காய்க் குறைகின்றது. இக்கணக்கின் அழகை நோக்கியே இக்காலத்து நிரல்மொழிகள் பெரும்பாலும் இடத்தை மடங்கு கணக்கிற் பெருக்குகின்றன. ஜாவா மொழியின் வளரும் பட்டியல் ஒன்றரை மடங்காகப் பெருகும்.

குடிபெயர்தலில் ஓர் இடரும் உண்டு. பழைய முகவரியைக் குறித்துவைத்திருந்த உறவினர் யாரேனும் இருப்பின், அவர் பழைய அறைக்கே சென்று கதவைத் தட்டுவர்; உள்ளிருப்பவரோ அயலார். முகவரியைத் தாங்கும் குறிப்பினைச் சுட்டி என்பர். இடம் மாறியபின்னும் பழைய முகவரியையே காட்டிநிற்கும் சுட்டியினால் விளையும் பிழை கண்டறிதற்கு மிக அரியது. சிலபோது நிரல் செவ்வனே நடப்பதுபோலத் தோன்றி, எதிர்பாராத நாளில் வீழ்ந்துவிடும்.

குடிபெயராமலே வளர்வதற்கும் ஒரு முறை உண்டு. கூட்டத்தாரைக் கிடைத்த அறைகளில் ஆங்காங்கே இருத்தி, ஒவ்வோர் அறையிலும் அடுத்தவர் இருக்கும் அறையின் இலக்கத்தை எழுதிவைத்தல். பாவு தீர்ந்தவிடத்து, புதுப்பாவின் இழைகளைப் பழையனவற்றின் நுனியோடு பிணைத்து நெசவைத் தொடர்வது போன்றது இது. பிணைத்த பட்டியல் என்று இதனைக் கூறலாம். இதனால் வளர்தல் எளிது. ஆயின் நூறாவது பெயரை அடைவதற்குத் தொண்ணூற்றொன்பது அறைகளின் கதவைத் தட்ட வேண்டும். விரைந்து எடுத்தல் வேண்டுமா, எளிதின் வளர்த்தல் வேண்டுமா என்று தேர்ந்தே நிரலாளர் இவற்றுள் ஒன்றைக் கொள்ளுதல் வேண்டும்.

அறைகளைத் திரும்ப ஒப்படைக்க மறப்பதும் ஒரு குற்றமே. நாளடைவில் சத்திரம் முழுதும் ஆளில்லாத பூட்டிய அறைகளாய் நிறைந்துவிடும். இம்மறதிக்கு மருந்தாக, எவரும் சுட்டாத அறைகளை இயந்திரமே கண்டு திறந்துவிடும் முறையை ஜான் மெக்கார்த்தி என்பார் லிஸ்ப் மொழியின்பொருட்டு அமைத்து, 1960-இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கினார். பைதான், ஜாவா முதலிய மொழிகளில் நிரல் எழுதும் மாணவர் அறைகளை ஒப்படைப்பதைப் பற்றிக் கவலையுறாதிருப்பது அவ்வழி வந்த பேறேயாம்.

எழுத்தே அளவு மாறுதல்

இதுகாறும் கூறியவற்றால் சொற்கள் அளவு மாறுவன என்பது பெறப்பட்டது. தமிழுக்கு வருங்கால், எழுத்தும் அளவு மாறுவது என்னும் புதுமை சேர்கின்றது.

1963-இல் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற ஆஸ்கி என்னும் குறிமுறையில் 128 இடங்களே இருந்தன; ஆங்கில எழுத்துகளுக்கு அவை போதியனவாயின. ஆகவே, ‘ஓர் எழுத்து ஓர் அறை’ என்னும் பழக்கம் நிரலாளர் உள்ளத்தில் வேரூன்றிற்று. பின்னர், உலகத்து எழுத்துகள் யாவற்றுக்கும் பொதுவாகிய ஒருங்குறி 1991-இல் வெளிவந்தபோது, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி அளிக்கப்பட்டது. தமிழெழுத்துகளோ 247. ஆதலின் உயிரும், ஆய்தமும், அகரமேறிய உயிர்மெய்யும் தனித்தனிக் குறியெண் பெற்றன. ஏனைய உயிர்மெய்கள், அகரமேறிய உயிர்மெய்யோடு கொம்பு, கால், விலங்கு முதலிய குறிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டன.

ஈண்டுத் தமிழ் மாணவர் உற்றுநோக்கத்தக்கதொன்று உளது. இலக்கணத்தில் மெய்யே முதல். மெய்யோடு உயிர் கூடிய வழியே உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ ‘க’ என்னும் உயிர்மெய் முதல். அதனோடு புள்ளி கூடிய வழி ‘க்’ என்னும் மெய் தோன்றும். ஆதலின் ஒரு மாத்திரை பெறும் ‘க’வுக்குக் குறியெண் ஒன்று, இரண்டு மாத்திரை பெறும் ‘ஆ’வுக்கும் ஒன்று, அரை மாத்திரையே பெறும் ‘க்’குக்கோ இரண்டு. செவியிற் குறுகிய மெய் நினைவகத்தில் நெடியதாயிற்று.

இக்குறியெண்களைப் பைட்டுகளாக மாற்றும் முறைகளுள் இன்று உலகில் மிகப் பரவியது யூ.டி.எஃப்.-8 என்பது. 1992 செப்டம்பரில், நியூஜெர்சியில் உள்ள ஓர் உணவு விடுதியில், ராப் பைக் உடனிருக்க, கென் தாம்சன் என்பார் உண்கலத்தின் கீழிடும் தாளிலே இதனை வகுத்தார் என்பது இத்துறையார் பலரும் அறிந்த வரலாறு. இதன் நயம் யாதெனின், முதற்பைட்டே தன்னைத் தொடர்ந்து எத்தனை பைட்டுகள் வரும் என்பதனைச் சொல்லிவிடும். தொடர்ந்து வருவனவும் ‘யாம் தொடர்வன’ என்னும் அடையாளம் தாங்கியிருக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்ப் பகுதியின் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ‘க’ என்பது 224, 174, 149 என்னும் மூன்று எண்களாய் மூன்று அறைகளில் தங்கும். முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களின் குறிகள் 2019-இல் ஒருங்குறியின் வேறொரு பகுதியிற் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். ஆகவே, ‘தமிழ்க் குறியெனின் மூன்று’ என்று நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்வதும் ஆகாது.

நம் ஊர்ப்பெயர்களையே அளந்து காண்போம். ‘கோவை’ ஈரெழுத்து, குறியெண் நான்கு, பைட்டு 12. ‘பழனி’ மூவெழுத்து, குறியெண் நான்கு, பைட்டு 12. ‘ஈரோடு’ மூவெழுத்தே எனினும் குறியெண் ஐந்து, பைட்டு 15. ‘கோயம்புத்தூர்’ ஏழெழுத்து, குறியெண் 13, பைட்டு 39. பைட்டினைக் கொண்டு எழுத்தை உய்த்துணர்தல் இயலாது என்பதும், எழுத்தைக் கொண்டு பைட்டை உய்த்துணர்தலும் இயலாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இதன் விளைவு வாழ்க்கையில் எங்ஙனம் தோன்றும் எனின், பெயருக்கு 32 பைட்டு ஒதுக்கிய ஓர் ஏட்டில், நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மூதாட்டி தம் பெயரைப் பதிவதாகக் கொள்வோம். அவர் பெயர் பழனியம்மாள். ஏழே எழுத்து, ஆயின் குறியெண் 11, பைட்டு 33. ஒரு பைட்டு மிகுதி. 32-இல் வெட்டும் நிரல், பத்துக் குறியெண்களை முழுமையாய் வைத்து, பதினோராவதாகிய புள்ளியின் முதலிரண்டு பைட்டுகளை மட்டும் வைக்கும். திரையில் ‘பழனியம்மாள’ என்று புள்ளியிழந்த பெயரும், அதனருகே பொருளற்ற ஒரு வினாக்குறிக் கட்டமும் தோன்றும். பனையோலைச் சுவடிகளிலும் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்ததே எனின், உண்மை. ஆயின் சுவடி படிப்பவர் சொல்லை உணர்ந்து விடுபட்ட புள்ளியைத் தாமே கூட்டிப் படித்தனர். இயந்திரத்துக்கு அவ்வுணர்வு இல்லை. அதற்குப் ‘பழனியம்மாள்’ வேறு, ‘பழனியம்மாள’ வேறு. உதவித்தொகை வாங்கச் சென்ற அம்மூதாட்டி, ‘இரண்டு ஏட்டிலும் பெயர் ஒத்துவரவில்லை’ என்று கேட்டு மீண்டு வருவாராயின், அவர் செய்த குற்றம் யாது?

வெட்டுப்படாத பெயருக்கும் வேறோர் இடர் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாய் அமைக்கலாம். ‘க’வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தல் ஒரு வகை, ‘க’வோடு ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நினைவகத்திலோ, ‘கொங்கு’ என்பது முதல் வகையில் ஆறு குறியெண்ணும் 18 பைட்டும் ஆகும். இரண்டாம் வகையில் ஏழு குறியெண்ணும் 21 பைட்டும் ஆகும். கட்டுரையின் தொடக்கத்தில் இயந்திரம் கூறிய மூன்று விடைகளின் மருமம் இதுவே. பொன்னம்மாள் என்பவரின் பெயரை ஓர் அலுவலகம் ஒரு வகையிலும், மற்றோர் அலுவலகம் பிறிதொரு வகையிலும் பதிந்திருப்பின், பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் நிரல் ‘இருவரும் வேறு’ என்றே கூறும். இவ்விடர் நேராவண்ணம், ஒப்பிடுமுன் சொற்களை ஒரே வடிவுக்குக் கொணரும் முறை ஒருங்குறி நூலாரால் வகுக்கப்பட்டுள்ளது; அதனைச் சில வரிகளிற் செய்துவிடலாம்; செய்யாது விடுதலே குறை.

கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இவ்வளவையைப் பொறுத்ததே. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கிலக் குறிகளை ஏழு பிட்டாகச் சுருக்கி 160 வரை அடக்கலாம். தமிழ் புகுந்தால், பொதுவாக ஒவ்வொரு குறியெண்ணுக்கும் இரண்டு பைட்டாகி, 70-இல் நின்றுவிடும். ‘கோயம்புத்தூர்’ என்று ஊர்ப்பெயர் எழுதுமளவிலேயே அவ்வெழுபதில் 13 செலவாகும்.

கோவையில் எழுந்த தீர்வு

இவ்விடர்களையெல்லாம் கண்ட அறிஞர் சிலர், ‘எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவான ஓர் அறை கொடுத்துவிட்டால் என்ன?’ என்று எண்ணினர். அங்ஙனம் அமைந்ததே டேஸ்-16 என்னும் குறிமுறை. இதன்படி உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றும் 16 பிட்டுகளாலாகிய தனிக் குறியெண் பெறும். ‘கொங்கு’ மூன்று குறியெண், ஆறு பைட்டு. எழுத்தும் குறியெண்ணும் ஒத்து நிற்கும். மெய்யின் எண்ணையும் உயிரின் இடத்தையும் கொண்டு உயிர்மெய்யின் எண்ணைக் கணக்கிட்டே அறியலாமாதலின், புணர்ச்சி விதிகளை நிரலாக்குவார்க்கும் இது பெரிதும் உவப்பானது.

2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவை மாநகரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தது. உடன் தமிழ் இணைய மாநாடும் கூடிற்று. மாநாடு தொடங்கிய அதே நாளில், ஒருங்குறியைத் தமிழ்க் கணிமையின் தரமாகவும், ஒருங்குறி இயலாதவிடத்து டேஸ்-16-ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றுத் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது. அளவு மாறும் எழுத்தா, அளவு மாறா எழுத்தா என்னும் வினா நம் ஊர்ப்பெயரோடு இங்ஙனம் தொடர்புற்றது.

ஆயின் அளவு மாறா எழுத்து எல்லா நோய்க்கும் மருந்தாமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. டேஸ்-16 ஒருங்குறியின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் எண்களுக்கு உலகப் பொதுவான பொருள் இல்லை. அனுப்புவோரும் பெறுவோரும் தம்முள் உடன்பட்டாலன்றி எழுத்து விளங்காது. அன்றியும், எழுத்து ஒரே அளவாயினும் சொல் ஒரே அளவாகாது. பழனியம்மாள் ஏழெழுத்து, அவர் பேரன் பெயர் மூன்றெழுத்தாகலாம், ஆறெழுத்தே கொள்ளும் ஏட்டில் அப்பொழுதும் பாட்டி பெயரின் ஈற்றெழுத்து வெட்டுப்படும். பெயருக்கேற்ப இடத்தை வளர்க்க வேண்டுமேயன்றி, இடத்துக்கேற்பப் பெயரை வெட்டலாகாது.

நிரல் இயற்றுவார் கொள்ளத்தக்கவை

இதுகாறும் கண்டவற்றால் நான்கு நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நீளம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் ‘எதன் நீளம்?’ என்று வினவுதல். இடம் ஒதுக்குவதற்குப் பைட்டு வேண்டும். திரையில் எழுத்தெண்ணுவதற்கு எழுத்து வேண்டும். பைதான் மொழியில் ‘கொங்கு’ என்பதன் நீளத்தைக் கேட்டால் 6 என்று குறியெண்ணைக் கூறும். ஸ்விஃப்ட் மொழியோ கண்ணுக்குத் தோன்றும் எழுத்தை எண்ணி 3 என்னும். இவ்வேறுபாட்டை அறிந்தே மொழியைக் கையாளல் வேண்டும்.

இரண்டாவது, பெயர், முகவரி, கடிதம் முதலியவற்றுக்கு வளரும் இடத்தையே அளித்தல். அதன் நீளத்தையும் கொள்ளளவையும் உடன்வைத்துப் போற்றுதல். இடம் பெயர்ந்தபின் பழைய சுட்டியை நம்பாதிருத்தல்.

மூன்றாவது, வெட்டியே தீரவேண்டுமிடத்து எழுத்தின் எல்லையில் வெட்டுதல். யூ.டி.எஃப்.-8 முறையில் ‘தொடர்வன’ என்னும் அடையாளமுள்ள பைட்டில் நின்றால், முதற்பைட்டு வருமளவும் பின்னோக்கிச் செல்லலாம். ஆயினும் அதனாற் குறியெண் சிதையாமற் காக்கப்படுமேயன்றி எழுத்துக் காக்கப்படாது. புள்ளி, கொம்பு, கால் ஆகியவற்றுக்கு முன்னே வெட்டாதிருத்தலும் வேண்டும். வேண்டுமாயின் ‘பழனியம்மா’ என்று ஓரெழுத்து முழுதும் நீக்கலாம். ‘பழனியம்மாள’ என்று எழுத்தைச் சிதைத்தல் தகாது.

நான்காவது, இரு பெயரை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல்.

இவற்றுள் ஒன்றேனும் செய்தற்கு அரியதன்று. ஆயின் தமிழெழுத்தின் இயல்பை அறியாதார்க்கு இவற்றின் தேவையே புலப்படாது. புள்ளி என்பது மேலே வைக்கும் ஓர் அணியன்று, மெய்யின் உயிர்நிலை என்பதனைத் தொல்காப்பியம் முதலாகக் கற்ற மாணவர் அறிவர். நினைவகத்தில் இடம் ஒதுக்குவதெப்படி என்பதனைக் கணிப்பொறி பயிலும் மாணவர் அறிவர். ஒரே கல்லூரியில், ஒரே மரத்தின் நிழலில் அமர்ந்து உண்ணும் இவ்விரு சாராரும் தம்முள் உரையாடுதல் அரிதாயிருப்பதே வியப்பு. தமிழ் பயில்வார் சிறிதேனும் நிரல் பயில்க. நிரல் பயில்வார் எழுத்ததிகாரத்தின் தொடக்கத்தையேனும் கேட்டறிக. அங்ஙனம் இருவரும் கூடி ஒரு பெயரேட்டை அமைப்பாராயின், பழனியம்மாள் என்னும் பெயர் ஈற்றுப் புள்ளியோடு முழுமையாய் நிற்கும். அம்மூதாட்டியும் தமக்குரியதைப் பெற்று வீடு திரும்புவர்.